எழுத்தர் முன் வாசித்த கடிதம்

யார்க்‌ஷயர், இங்கிலாந்து
8 செப்டம்பர் 2025

என் அன்பு மனைவி தமிழரசிக்கு,

மனைவி என்று எழுதும்போது இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உனக்கும் வந்திருக்கும். போன வருஷம் பெண்களையும் பட்டாளத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள், கல்யாணமானவர்களுக்கு மட்டும் விலக்கு என்று கேள்விப்பட்டதும் நாம் இருவரும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டோமே, அன்றைக்கு வக்கீல் முன்னாலேயே நீ என்னை "அண்ணே" என்று கூப்பிட்டாய். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டதும் வெளிறிப்போய் மூத்த சகோதரன் என்று உண்மையைச் சொன்னாய். பர்மாக்காரப் பெண்கள் புருஷனை "கோ" என்று அண்ணன் முறை வைத்துத்தானே கூப்பிடுகிறார்கள். அவர் "நல்ல மரியாதை" என்று சொல்லி முத்திரை குத்தினார். தமிழ் வக்கீலாக இருந்திருந்தால் நம் கல்யாணம் மேசையிலேயே முடிந்திருக்கும்.

இது இந்த மாதத்துக்கான கடிதம். அஞ்சல் தலையும் முத்திரையும் தெளிவாக இருக்கும்படி தபால்காரப் பெண்ணிடம் கேட்டே ஒட்டினேன். புருஷன் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறானா என்று வார்டு எழுத்தர் ஊ மிண்ட் லே பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. அவருக்குத் தமிழ் தெரியாததால் உள்ளே நான் எதையும் எழுதலாம்.

நான் ஒரு வாரம் விடுமுறை எடுத்தேன். பதினொரு மாதம் கிழவர்களைக் குளிப்பாட்டி, படுக்கையை மாற்றி, அவர்கள் திட்டுவதைக் கேட்டு வந்ததில் இதுதான் முதல் விடுமுறை. எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரின் மகன் ஒரு நடைப்பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார். ஆறு நாள், ஐம்பத்திரண்டு மைல், புறப்பட்ட ஊருக்கே சுற்றி வந்து சேரும் வட்டம். புறப்பட இரண்டு நாள் இருக்கையில் காலை முறித்துக்கொண்டார். பதிவைத் திருப்பித் தர மாட்டார்களாம். "நீ ஒரு காலத்தில் வழிகாட்டி என்றாயே, போ" என்று என் கையில் கொடுத்துவிட்டார். விடுதி அறைகள், மதியச் சாப்பாட்டுப் பொட்டலம், பாதைக் குறிப்பு எல்லாமே இரண்டு பேருக்கு.

தமிழரசி, அத்தனையும் சுண்ணாம்புக்கல். முதல் நாள் பாறைமேல் கால் வைத்தவுடன் நம் பா-ஆன் மலைகள் ஞாபகம் வந்தன. ஆனால் இங்கே மலை செங்குத்தாக நிற்கவில்லை. தரையே பாறை. யாரோ பெரிய கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்ட மாதிரி வெடிப்புகள். வெடிப்புக்குள் எட்டிப்பார்த்தால் ஒரு முழம் கீழே பச்சைப் பசேலென்று பெரணிச் செடி. மூன்றாம் நாள் ஒரு ஓடையைப் பார்த்தேன். நன்றாக ஓடிவந்து, ஒரு குழிக்குள் விழுந்து, காணாமல் போய்விட்டது. இரண்டு மைல் தாண்டி ஒரு குன்றின் அடியில் அதே தண்ணீர் வெளியே வந்தது. வழியெங்கும் சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள், ஆடுகள், காற்று. பை சுமக்க வேண்டியதில்லை. காலையில் விடுதி வாசலில் வைத்துவிட்டால் வேனில் அடுத்த விடுதிக்குப் போய்விடும்.

கையில் அவர்கள் கொடுத்த பாதைக் குறிப்பு இருந்தது. பா-ஆனில் நான் கூட்டிப்போன பயணிகளுக்காக நீ எழுதிய குறிப்பில் கால்வாசிகூடத் தேறாது. "மரத்தில் இடதுபுறம் திரும்பவும்" என்கிறார்கள். எந்த மரம்? நீ எழுதியிருந்தால் மரத்தின் பெயர், கிளை எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது, அதன் கீழே யார் உட்கார்ந்திருப்பார் என்று எல்லாம் இருக்கும்.

ஒரு படமும் வைத்திருக்கிறேன். எழுத்தரிடம் காட்டு. உன் அம்மா தைலம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கார்த்திகேசன்

*

பசுந்தாங், யாங்கோன்
30 செப்டம்பர் 2025

கோ கார்த்திக்கு,

கணவர் என்று போடலாமா என்று பார்த்தேன். கை வரவில்லை. எழுத்தருக்குப் போவது உங்கள் கடிதம்தான், என்னுடையது இல்லை. அதனால் இப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. உங்கள்மேல் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு, கொஞ்சம் உங்கள்மேலும்தான். மனிதர்கள் நடப்பதற்காக ஒரு ஊருக்குப் போகிறார்கள், அவர்கள் பையை இன்னொருவன் வேனில் கொண்டுபோகிறான், ஆறு நாள் கழித்துப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறார்கள், அதற்குப் பெயர் விடுமுறை. நானும் தினமும் நடக்கிறேன். லிஃப்டுக்குக் கரண்ட் இல்லை. ஐந்து மாடிக்கும் தண்ணீர் வாளியோடு நடக்கிறேன். லத்தா பேட்டையில் இருக்கும் முத்து முகம்மது பாய் கடைக்கு வேலைக்கு நடக்கிறேன், பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறக்கி அடையாள அட்டை கேட்கிறார்கள் என்பதால்.

போன ஞாயிறு இன்சீனில் சித்தியைப் பார்க்க வட்ட ரயிலில் போனேன். சித்திக்குக் காய்ச்சல். ஒரு ராத்திரி பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்தேன். இருந்தால் அந்த வார்டில் விருந்தாளிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப் போனால் வயது என்ன, கல்யாணம் ஆயிற்றா, புருஷன் எங்கே, சான்று எங்கே என்று அங்கேயும் புதிதாகத் தொடங்கும். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அதே ரயிலில் திரும்பிவிட்டேன். இதுதான் என் வட்டப் பயணம். ஆறு நாளைக்கு ஆறு ஊரில் தூங்கினீர்களே, ஒரு ஊரிலாவது "நீ யார், எதற்கு இங்கே தூங்குகிறாய்" என்று யாராவது கேட்டார்களா?

பா-ஆன் பாதைக் குறிப்புகளைப் பற்றி எழுதினீர்கள். நான்கு நாள் பாதைக்கும் நான் எழுதிய தாள்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. இரண்டாம் நாள் மதியம் சாப்பிடும் குகைக்குப் போகும் வரப்பில் கண்ணிவெடி இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ தெரியாது, யார் போய்ப் பார்ப்பது? நீங்கள் முன்னால் நடந்து, நான் பின்னால் அடி எண்ணி எழுதிய வரப்பு அது. இப்போது அதை எப்படி எழுதுவது? "இருநூறு அடி நேராகச் செல்லவும், உயிரோடு இருந்தால் இடதுபுறம் திரும்பவும்" என்றா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வார்டில் மறுபடியும் பெண்கள் பட்டியலைச் சரிபார்க்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்தவர்கள் எல்லோர்மேலும் சந்தேகம். மூன்றாம் மாடியில் ஒருத்தி தன் அத்தை மகனைக் காகிதத்தில் கட்டியிருந்தாள். அவன் வேறொருத்தியைக் கோயிலில் கட்டியது தெரிந்து, அவள் பெயரைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவள் இப்போது வீட்டில் இல்லை. எங்கே என்று அவள் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

எனக்கு இருபத்தேழு முடிந்து இருபத்தெட்டு பிறக்க அடுத்த வருஷம் நவம்பர் வரை ஆகும். பதினான்கு மாதம். அதுவரை நான் கல்யாணமானவளாக இருந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும், யாரும் தேட மாட்டார்கள். மாதம் ஒரு உறை. உங்களிடம் நான் கேட்பது இதை மட்டும்தான். அதை நீங்கள் தவறாமல் செய்கிறீர்கள், அதற்கு நன்றி. எரிச்சலோடு நன்றியும் சொல்ல வேண்டியிருப்பது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். எல்லாம் இரண்டு பேருக்கு என்று எழுதினீர்கள். இரண்டாவது பொட்டலத்தை யார் சாப்பிட்டது? படத்தை எடுத்தது யார்? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவள் உங்களை நிஜமாகவே மாப்பிள்ளை என்று நினைக்கத் தொடங்கிவிட்டாள், எத்தனை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

தமிழரசி

*

யார்க்‌ஷயர்
19 அக்டோபர் 2025

தமிழரசிக்கு,

நாளை தீபாவளி. இங்கே எனக்கு இரவு வேலை. நீ கேட்டுவிட்டாய், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாவது பொட்டலத்தைச் சாப்பிட்டது மஞ்சுளா. திருச்சிப் பெண். எங்கள் இல்லத்தில் நர்ஸ். ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறாள். முதல் மூன்று மாதம் நான் யாரோடும் பேசாமல் இருந்தேன். அவள்தான் ஒரு நாள், "நீங்க பேசறது எங்க தாத்தா காலத்துத் தமிழ் மாதிரி இருக்கு, நடுநடுவுல என்ன பர்மாவா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதிலிருந்து தொடங்கியது. முதலிலேயே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் தப்பு.

நம் கல்யாணத்தைப் பற்றி அவளிடம் அந்த நடையின் நான்காம் நாள்தான் சொன்னேன். மழை. ஒரு கல்சுவரின் மறைவில் நின்றுகொண்டிருந்தோம். காகிதக் கல்யாணம், ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "நல்ல காரியம்" என்றும் சொன்னாள். ஆனால் மீதி இரண்டு நாளும் எனக்கு முன்னால் முப்பது அடி தள்ளியே நடந்தாள். கல்சுவரைத் தாண்டும் படி வரும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்தப் பொண்ணு பாவம், எனக்குப் புரியுது. ஆனா எங்க அப்பாகிட்ட உங்கள கல்யாணமான ஆளுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? காகிதத்துலன்னா என்ன, கையெழுத்து கையெழுத்துதானே?" அவள் அப்பா ஜனவரியில் இங்கே வருகிறார். அதற்குள் நான் விடுபட்டிருக்க வேண்டும் என்கிறாள். இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம் என்கிறாள்.

இத்துடன் இருவரும் சம்மதித்துப் பிரியும் பத்திரம் வைத்திருக்கிறேன். என் பக்கம் கையெழுத்துப் போட்டாயிற்று. நீ ஒரு வக்கீல் முன்னால் இரண்டு சாட்சியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ கோபப்படுவாய். எனக்கும் கோபம் இருக்கிறது தமிழரசி. எனக்கு முப்பத்தாறு வயது. மனைவியைக் கூட்டிவர இந்த வேலையில் அனுமதி இல்லை. இருந்திருந்தால் உன்னையும் அம்மாவையும் என்றைக்கோ கூப்பிட்டிருப்பேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், எனக்கு ஒரு வாழ்க்கை இருப்பது போல இருந்தது. அதையும் பதினான்கு மாதம் தள்ளிவை என்கிறாய்.

இன்னொன்று. அங்கே என் மச்சான் ரமேஷ்குமாரிடம் பேசினேன். கையெழுத்து வராவிட்டால் ஒருதலையாகவே நாளிதழில் அறிவிப்புப் போட்டுவிடலாம், இன்ன பெண் இனி என் மனைவி அல்ல என்று நாலு வரி, நிறையப் பேர் போடுகிறார்கள் என்றான். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் அவன் வாயை என்னால் கட்ட முடியாது.

யோசித்து எழுது.

கார்த்திகேசன்

*

பசுந்தாங், யாங்கோன்
9 நவம்பர் 2025

கோ கார்த்திக்கு,

உங்கள் கடிதத்தை நான் எங்கே வைத்துப் படித்தேன் என்று முதலில் சொல்கிறேன்.

உறை வந்ததும் பிரிக்காமலே வார்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ஒட்டியபடி காட்டினால் புதிதாக வந்தது என்று நம்புவார்கள் என்பது என் கெட்டிக்காரத்தனம். ஊ மிண்ட் லே முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், "சரி" என்பார் என்று காத்திருந்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"பிரி. வாசி."

"தமிழ்ல இருக்கு, ஐயா."

"நீ பர்மால சொல்லு. என்ன அவசரம், மழைதான் பெய்யுதே."

அவர் மனைவி டோ ஏ சீ பக்கத்து நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இன்னும் மூன்று பேர். நான் பிரித்தேன். பத்திரத்தின் முனை தெரிந்தது. அதை உறைக்குள்ளேயே அழுத்திவிட்டுக் கடிதத்தை மட்டும் எடுத்தேன். முதல் வரி தீபாவளி. இரண்டாம் பத்தியில் மஞ்சுளா.

உங்களுக்குத் தெரியுமா, கண் ஒன்றைப் படிக்கும்போது வாய் வேறொன்றைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று? நான் முந்தைய கடிதத்திலிருந்து உங்கள் நடையைச் சொன்னேன். கத்தியால் கீறிய பாறை, வெடிப்புக்குள் பெரணிச் செடி, குழிக்குள் விழும் ஓடை. அது தீர்ந்தபோது நம் பா-ஆன் பாதையை இங்கிலாந்து என்று சொல்லத் தொடங்கினேன். வௌவால் குகை, வரப்பு, தாமரைக் குளம். இங்கிலாந்தில் தாமரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

"ஆறு நாள் நடந்து கடைசில எங்க போய்ச் சேர்ந்தாரு உன் புருஷன்?" என்று எழுத்தர் கேட்டார்.

"புறப்பட்ட எடத்துக்கே."

"அப்ப எதுக்குப் போனாரு?"

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் என் கண் "கெஞ்சிக் கேட்கிறேன்" என்ற இடத்தில் இருந்தது.

டோ ஏ சீ விடவில்லை. "இவ்ளோ நேரம் கல்லு, தண்ணி, செடின்னே வாசிக்கிறியே பொண்ணு. பெண்டாட்டி சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேக்கலையா அந்த ஆளு?"

"கடைசில கேட்டிருக்காரு, அம்மா."

"அதைப் படி."

படித்தேன். "சாப்பிட்டாயா? ராத்திரி தனியாக மாடி ஏறாதே. எனக்கு உன் ஞாபகமாகவே இருக்கிறது." நாளிதழில் அறிவிப்புப் போடலாம் என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். அவளுக்கு அது புருஷன் ஏக்கம்.

எழுத்தருக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதத்தை மடிக்கச் சொல்லிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் எனக்கு இடிக்குது" என்றார். "நானும் முப்பது வருஷமா புருஷன், பெண்டாட்டி காகிதமெல்லாம் பார்க்கறேன். இவ்வளவு அழகா எந்தப் புருஷன் எழுதறான்? சொல்லிக்கொடுத்து எழுதவெச்ச மாதிரி இருக்கு. அடுத்த மாசமும் கொண்டா. உன் பேரை இன்னும் நான் முடிக்கல."

இப்போது என் பதில். கையெழுத்துப் போட மாட்டேன்.

வக்கீல், இரண்டு சாட்சி என்றால் நாலு நாளில் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். பிரிந்தவள், பிள்ளையும் இல்லாதவள் என்றால் விலக்கு கிடையாது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், நாம் இருவரும் சேர்ந்துதான் அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்தோம். தெரிந்தும் பத்திரத்தை வைத்து அனுப்பினீர்கள். அதையும், நான் அதை எழுத்தர் மேசைமேல் பிரிக்கும்படி.

மஞ்சுளாமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் கேட்டது நியாயம். உங்கள் வயதையும் தனிமையையும் எழுதினீர்கள், அதுவும் நியாயம். எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது, பட்டியலில் மட்டும் என் பெயர் இருக்கிறது. எந்தத் தடியனோ எங்கோ உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதுகிறான், அதற்காக நீங்களும் நானும் திருச்சிப் பெண்ணும் ஒருவரையொருவர் பிடுங்கிக்கொள்கிறோம். அவனுக்கு நாம் கடிதம் எழுத முடியுமா? முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ரமேஷ்குமாரிடம் சொல்லுங்கள், அந்த நாலு வரி வெளிவந்த அன்றைக்கு நான் அவன் கடை வாசலில் வந்து உட்காருவேன். அங்கே வைத்தே பிடித்துக்கொண்டு போகட்டும்.

மாத உறை மட்டும் வர வேண்டும். எழுதப் பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம். வெறுந்தாளை மடித்துப் போட்டு ஒட்டுங்கள். வாசிப்பதற்கு எனக்கு இனி உங்கள் எழுத்து தேவையில்லை, உங்கள் பங்கையும் நானே சொல்லிக்கொள்வேன்.

தமிழரசி

*

பசுந்தாங், யாங்கோன்
14 டிசம்பர் 2025

கோ கார்த்திக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டீர்கள். இல்லை, நான் சொன்னபடி. வெள்ளிக்கிழமை உங்கள் உறை வந்தது. இந்த முறை வீட்டிலேயே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பிரித்த உறையைப் போன மாதமே சந்தேகத்தில் இருந்தவரிடம் எப்படிக் கொண்டுபோவது? ஒட்டியபடிதான் கொண்டுபோனேன். கோபத்தில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டீர்கள், நாலு வரியாவது திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

வெறுந்தாள். தேதிகூட இல்லை.

ஆனாலும் வாய் தொடங்கிவிட்டது. "அன்புள்ள தமிழரசிக்கு, இங்கே குளிர் தொடங்கிவிட்டது" என்று பர்மாவில் சொன்னேன். பனி விழுந்த கல்சுவர், உறைந்த ஓடை, கம்பளி போர்த்திய கிழவர்கள் என்று போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தது ஜன்னலுக்கு முதுகு காட்டி. தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தேன். எதிரே டோ ஏ சீ.

"நிறுத்து" என்றாள். எழுந்து வந்து என் கையிலிருந்து தாளை வாங்கினாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு அதைக் கணவர் முன்னால் வைத்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓடுவதற்கா என்று தெரியவில்லை. எங்கே ஓடுவது?

ஊ மிண்ட் லே கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "என்ன இது?"

என்னிடம் பொய் மிச்சமில்லை. "கோவம், ஐயா" என்றேன். "போன மாசம் நான் சண்டை போட்டு எழுதினேன். எழுதப் பிடிக்கலன்னா வெறும் தாளை அனுப்புன்னு எழுதினேன். அனுப்பிட்டாரு."

டோ ஏ சீதான் முதலில் சிரித்தாள். வெற்றிலைச் சாறு புடவையில், மன்னிக்கவும், லுங்கியில் தெறிக்கிற சிரிப்பு. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா? மாண்டலேல இருந்தப்ப நீங்க எனக்கு மூணு மாசம் அனுப்பினது இதுதானே? உறை மேல மட்டும் விலாசம்!"

அவர் முகம் சிவந்துபோனது. பெஞ்சில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். "போலிப் புருஷன்னா பக்கம் பக்கமா எழுதியிருப்பான்" என்று அவர் முணுமுணுத்தார். "இந்த அளவுக்கு ஒருத்தன் கோவப்படறான்னா கட்டினவனாத்தான் இருக்கணும்." பட்டியலை எடுத்து என் பெயருக்கு நேரே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் தலைகீழாகப் படித்தேன். "கணவர் வெளிநாட்டில். உறவு உண்மையானது. சரிபார்த்து முடிக்கப்பட்டது."

தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்து, இனி மாதா மாதம் வர வேண்டாம் என்றார். டோ ஏ சீ வாசல்வரை வந்து, "நீயே முதல்ல எறங்கி வந்து எழுது பொண்ணு. ஆம்பளைங்களுக்கு அது வராது" என்றாள்.

அதனால் எழுதுகிறேன்.

என் பெயரை முடித்துவிட்டதால் இனி கையெழுத்துப் போடுவதில் ஆபத்து பாதிதான். மீதிப் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். இன்சீனில் சித்திக்குத் தெரிந்த ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எங்கள் வார்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சாட்சிக்கு முத்து முகம்மது பாயும் அவர் மனைவி பல்கீஸும் வந்தார்கள். பாய் ரயிலில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "கட்டுறதுக்கு என்னையக் கூப்பிடல, அறுக்கறதுக்கு மட்டும் கூப்பிடுற. ஒரு பிரியாணியாச்சும் போட்டியா நீ?" பல்கீஸ் அக்கா, "வாய மூடுங்க, அது மூஞ்சியப் பாருங்க" என்றாள். என் மூஞ்சி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. ஜனவரிக்குள் கிடைத்துவிடும். மஞ்சுளாவின் அப்பாவிடம் காட்டுங்கள். ஒரே நிபந்தனை, அடுத்த நவம்பர் வரை இந்த ஊர் நாளிதழில் ஒரு வரி வரக்கூடாது. ரமேஷ்குமாருக்கு நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரியும்படி சொன்னேன். அதுவரை இங்கே நான் உங்கள் மனைவி. அங்கே நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கணவராக இருந்துகொள்ளுங்கள். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் உத்தேசமும் இல்லை. குளிருக்குக் காதை மூடச் சொல்லி இன்றைக்கும் சொன்னாள்.

எனக்கு நீங்கள் இனி எழுத வேண்டாம். இது கோபத்தில் சொல்வது இல்லை, அதனால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உறை வந்தால் நான் பிரிப்பேன். பிரித்தால் படிப்பேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக மாதம் ஒரு நாள் தபால்காரன் சைக்கிள் மணிக்கு நான் மாடிப்படி இறங்கி வந்ததெல்லாம் எழுத்தருக்காக மட்டும்தான் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் திரும்பி வரும்போது அப்படி நினைக்க முடியவில்லை. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய தாளில்தான் இதை எழுதியிருக்கிறேன். மெல்லிய தாள், ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரிகிறது. பொடி எழுத்தில் எழுதியும் இடம் முடிந்துவிட்டது.

தமிழரசி